பெண் கைதிகளுக்கும் ஒரு ஹை செக்யூரிட்டி பிளாக் கட்டிவிட்டால் போதாதா?

"ஆண்களுக்கு ஹை செக்யூரிட்டி பிளாக் இருக்கிறது. அதே அளவு ஆபத்தான பெண்களுக்கும் அதே மாதிரி ஒன்றைக் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டியதுதானே? இதில் தனியாக யோசிக்க என்ன இருக்கிறது? கைக்குழந்தையோடு இருப்பவராக இருந்தால் மட்டும் வேறு ஏற்பாடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கட்டலாம். சில நாடுகள் கட்டியும் பார்த்தன. அவற்றில் பெயர்பெற்ற சிலவற்றை வழக்கு, விசாரணை அறிக்கை, உயிரிழப்பு என்று ஏதோ ஒன்றுக்குப் பிறகு மூடவோ மாற்றவோ வேண்டிவந்தது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. உலகம் முழுக்கச் சிறையில் இருக்கும் பெண்கள் 7 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் என்பது 2022-இல் வந்த கணக்கு. மொத்தக் கைதிகளில் ஏறக்குறைய 7 சதவீதம். அவர்களிலும் தப்பிப்பதற்கு வெளியே ஆள்பலம் உள்ளவர், உள்ளே மற்றவர்களைக் கடுமையாகத் தாக்கக்கூடியவர், பயங்கரவாத வழக்கில் தண்டனை பெற்றவர் என்று வடிகட்டினால், பெரிய நாடு ஒன்றில்கூட மிஞ்சுவது ஒரு சிறு கூட்டம்தான்.

ஆண்கள் பக்கம் இதே வடிகட்டலில் சில நூறு பேர், சில ஆயிரம் பேர் தேறுவார்கள். அவர்களுக்கு முழுச் சிறை ஒன்றைக் கட்டினாலும் நிரம்பும். பட்டறை வைக்கலாம், வகுப்பு நடத்தலாம், ஒருவருக்கொருவர் ஆகாதவர்களை வேறு வேறு பிளாக்குகளில் பிரித்து வைக்கலாம், ஒரு சிறையில் ஒத்துவராதவரை இன்னொன்றுக்கு மாற்றலாம். பத்துப் பேருக்கு இதில் எதுவுமே நடக்காது. பத்துப் பேருக்காக ஆசிரியர் போட மாட்டார்கள், பட்டறை திறக்க மாட்டார்கள். அந்தப் பத்தில் இருவருக்குள் பகை இருந்தால் ஒருவர் செல்லுக்குள் முடங்க வேண்டியதுதான், ஏனென்றால் மாற்றுவதற்கு வேறு இடமே கிடையாது. ஆண்களுக்குக் கட்டிய அதே கட்டடத்தை அச்சுப் பிசகாமல் கட்டிக் கொடுத்தாலும், உள்ளே நடக்கும் வாழ்க்கை வேறாகிவிடுகிறது. பேப்பரில் அது உயர்பாதுகாப்பு, நடைமுறையில் தனிமைச் சிறை.

இந்தச் சிறு கூட்டத்தை எங்கே வைப்பது என்று வரும்போது நிர்வாகங்கள் வழக்கமாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. ஆண்கள் சிறைக்குள் ஒரு மூலையை ஒதுக்குவது. மிகச் சிறிய சிறப்புப் பிரிவு ஒன்றைத் தனியாக அமைப்பது. இருக்கிற பெண்கள் சிறை முழுவதையும் அந்தச் சிலருக்கு ஏற்ப இறுக்குவது. மூன்றாவதைப் பற்றி வெளியே பேச்சே வராது. ஆனால் அதிகம் பேரைத் தொடுவது அதுதான். நான்கு பேருக்காக வேலியை உயர்த்தி, கதவுகளைக் கூட்டி, பார்வையாளர் நேரத்தைக் குறைத்தால், சில்லறைத் திருட்டுக்கு உள்ளே வந்த முந்நூறு பேரும் அதே கெடுபிடியில்தான் காலம் தள்ள வேண்டும். அது யார் கணக்கிலும் உயர்பாதுகாப்பு என்று பதிவாகாது.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் டர்ஹம். 1966-இல் ஜார்ஜ் பிளேக் என்ற உளவாளி லண்டன் சிறையிலிருந்து தப்பியதும், மவுன்ட்பேட்டன் தலைமையில் விசாரணை நடந்து, ஆண் கைதிகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கும் முறை வந்தது. அந்தக் காலத்தில் டர்ஹம் ஆண்கள் சிறைக்குள் இருந்த ஒரு சிறப்புப் பாதுகாப்புப் பிளாக்கில் ரயில் கொள்ளையர்கள் போன்ற பேர்போன கைதிகளை அடைத்திருந்தார்கள். மனிதர் இருக்கத் தகுந்த இடமில்லை என்ற கண்டனங்களுக்குப் பிறகு 1970-களின் தொடக்கத்தில் ஆண்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1974-இல் அதே கட்டடத்தில் பெண்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எச் விங் என்று பெயர். சுற்றிலும் ஆண்கள் சிறை, நடுவில் நாற்பது பேர் அளவிலான ஒரு பெண்கள் தீவு. 1989-இல் ஆன்டனி லெஸ்டர், பமேலா டெய்லர் இருவரும் அங்கே போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை அதன் நெருக்கடியையும் இறுக்கத்தையும் கடுமையாக விமர்சித்தது. அதற்குப் பிறகும் 2000-களின் நடுப்பகுதி வரை பெண்கள் அங்கே இருந்தார்கள். ஆண்களுக்கு ஆகாது என்று கைவிட்ட இடம் பெண்களுக்கு முப்பது வருஷம் ஓடியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. நாடு முழுக்கத் தேடினாலும் அத்தனை கனமான சுவர் உள்ள காலி இடம் அது ஒன்றுதான் கிடைத்திருக்கும்.

இரண்டாவது வழிக்கு அமெரிக்காவின் லெக்சிங்டன். கென்டக்கி மாநிலத்தில் உள்ள அந்த ஃபெடரல் (மத்திய அரசு) சிறையின் நிலவறையில், 1986 அக்டோபரில், பெண்களுக்கென்று 16 பேர் தங்கும் ஹை செக்யூரிட்டி யூனிட்டைத் திறந்தார்கள். சூசன் ரோசன்பெர்க், அலெஹாந்த்ரினா டோரஸ், சில்வியா பரல்தினி ஆகிய மூவரும் அரசியல் தொடர்புள்ள வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். அங்கே வைக்கப்பட்டவர்களில் இவர்கள்தான் வெளியே தெரிந்த பெயர்கள். வெள்ளையடித்த சுவர்கள், ஓயாத விளக்கு வெளிச்சம், எந்நேரமும் கேமரா, திரும்பத் திரும்ப உடல் சோதனை, குலைந்துபோன தூக்கம். 1987-இல் அங்கே சென்ற ரிச்சர்ட் கோர்ன் என்ற உளவியலாளர், அந்தப் பெண்களின் மனநிலைக்கு நேர்ந்துகொண்டிருந்த சேதத்தை விவரித்து அறிக்கை எழுதினார். ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் கண்டித்தது. 1988 ஜூலையில் நீதிபதி பாரிங்டன் பார்க்கர், அவர்களை அங்கே வைத்ததற்குக் காரணம் அவர்களுடைய அரசியல் தொடர்புகள்தான், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டே யூனிட் மூடப்பட்டது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'நீதிமன்றம் ஒழித்துக்கட்டியது' என்று பல இடங்களில் எழுதுவது பாதிதான் சரி.

லெக்சிங்டனுக்கு முன்பே ஜெர்மனியில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1972 ஜூன் முதல் 1973 பிப்ரவரி வரை, ரெட் ஆர்மி ஃபேக்ஷன் என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவைச் சேர்ந்த உல்ரிக்கே மைன்ஹோஃபைக் கொலோன் நகரின் ஓசென்டார்ஃப் சிறையில், மற்றக் கைதிகளின் சத்தமே எட்டாத காலிப் பிரிவில் தனியாக அடைத்து வைத்தார்கள். வெள்ளைச் சுவர், அணையாத விளக்கு எல்லாம் அங்கேயும் உண்டு. சிறிய எண்ணிக்கையும் பெரிய பயமும் ஒன்றுசேரும்போது இதே அறைதான் மீண்டும் மீண்டும் உருவாகிறது.

ஆனால் இந்த விஷயத்தை ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டியது கனடாவைத்தான். கிங்ஸ்டன் நகரில் 1934-இல் பெண்களுக்கான ஒரே ஃபெடரல் சிறையைத் திறந்தார்கள். நாட்டின் எந்தக் கோடியில் தண்டனை பெற்றாலும் பெரும்பாலும் அங்கேதான். நான்கே வருஷத்தில், 1938-இல், அதை மூடச் சொல்லி ஒரு விசாரணைக் குழு பரிந்துரைத்தது. மூடியது 2000-இல். நடுவில் 1994 ஏப்ரல் 22 அன்று சில கைதிகளுக்கும் காவலர்களுக்கும் கைகலப்பு. அது அன்றைக்கே அடங்கிவிட்டது. நான்கு நாள் கழித்து, இரவில், பக்கத்து ஆண்கள் சிறையிலிருந்து ஆண்கள் மட்டுமே கொண்ட அவசரப் படையை வரவழைத்தார்கள். தனிமைப் பிரிவில் இருந்த எட்டுப் பெண்களின் ஆடைகளை, சிலருடையதைக் கிழித்தே, அகற்றினார்கள். பிறகு ஒரு காகித அங்கியும் கைவிலங்கும் கால்விலங்குமாக வெறும் செல்லில் விட்டார்கள். விதிப்படி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார்கள். 1995-இல் அந்த வீடியோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோதுதான் நாடே பார்த்தது. பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையரான நீதிபதி லூயிஸ் ஆர்பர் விசாரித்து 1996-இல் கொடுத்த அறிக்கை, சிறைத்துறையில் சட்டத்தை மதிக்கும் பழக்கமே இல்லாமல் போயிருக்கிறது என்று காட்டியது. அந்தப் பெண்களில் சிலர் மாதக்கணக்கில் தனிமையிலேயே இருந்தார்கள்.

இதற்கு முன்பே, 1990-இல், ஒரு பணிக்குழு நல்ல திட்டம் ஒன்றைக் கொடுத்திருந்தது. ஒரே கோட்டைக்குப் பதில் பல பகுதிகளில் சிறிய சிறைகள். செல்லுக்குப் பதில் வீடு போன்ற குடில்கள். பெண்கள் தாங்களே சமைத்து, தங்கள் அன்றாடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பூர்வகுடிப் பெண்களுக்குத் தனியாக ஒரு குணப்படுத்தும் இல்லம். ஆனால் உயர்பாதுகாப்பு தேவைப்படும் அந்தச் சிலரை எப்படி வைப்பது என்பதற்குத் திட்டத்தில் சரியான விடை இல்லை. நல்ல சூழல் கிடைத்தால் அவர்களும் சரியாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. எட்மன்டனில் புதுச் சிறை திறந்த சில மாதங்களிலேயே தப்பியோடல்கள், உள்ளே ஒரு கொலை. உடனே உயர்பாதுகாப்புப் பெண்களை எல்லாம் ஆண்கள் சிறைகளுக்குள் இருந்த பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். எந்த முறையை ஒழிக்கப் புறப்பட்டார்களோ அதற்கே திரும்பியாயிற்று. பிறகு 2003 வாக்கில் பெண்கள் சிறைகளுக்குள்ளேயே தனிப் பாதுகாப்புப் பிரிவுகள் வந்தன. அதே ஆண்டு, கடும் சம்பவங்களில் ஈடுபட்ட பெண்களுக்கென்று ஒரு சிறப்பு நெறிமுறையும் வந்தது. படிப்படியாக நல்ல நடத்தையை நிரூபித்தால்தான் வெளியே வரலாம், கால வரம்பு கிடையாது. அதில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிப் பெண்கள். 2011-இல்தான் அது கைவிடப்பட்டது.

ஆஷ்லி ஸ்மித்தின் மரணமும் இந்தக் காலத்தில்தான். பதின்பருவத்திலேயே உள்ளே வந்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தால் ஒரு வருஷத்துக்குள் பதினேழு முறை இடம் மாற்றப்பட்டு, 2007 அக்டோபரில் 19 வயதில் தனிமைச் செல்லில் இறந்தார். மூச்சு இருக்கும்வரை உள்ளே போக வேண்டாம் என்று காவலர்களுக்கு உத்தரவு. அவர்கள் கதவுக்கு வெளியே நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013-இல் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் அதைத் தற்கொலை என்று சொல்லவில்லை, பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்றார்கள்.

இந்த வழக்கை நான் எடுப்பதற்குக் காரணம், 'ஆபத்தானவர்' என்ற முத்திரை எப்படி விழுகிறது என்பதை இது காட்டுகிறது. வகைப்படுத்தும் படிவங்கள் பெரும்பாலும் ஆண்களை வைத்து உருவானவை. முந்தைய வன்முறை, போதைப் பழக்கம், மனநலச் சிக்கல், நிலையற்ற குடும்பம், சிறைக்குள் ஒழுங்குமீறல் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். சிறுவயதிலிருந்து அடி உதைபட்டு வளர்ந்த பெண்ணுக்கு இதில் பாதி தானாகவே விழுந்துவிடும். அவள் கையை அறுத்துக்கொள்கிறாள், தடுக்க வரும் காவலரைத் தள்ளுகிறாள், பேப்பரில் அது 'ஊழியரைத் தாக்கினார்' என்று ஏறுகிறது, தனிமைக்கு அனுப்புகிறார்கள், தனிமையில் அறுத்துக்கொள்வது கூடுகிறது, இன்னும் இரண்டு புள்ளி சேர்கிறது. ஆறு மாதத்தில் யாரையும் தாக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் அந்தச் சிறையின் மிக ஆபத்தான கைதி ஆகிவிடுவார். சிகிச்சை தேவைப்படுவது ஆபத்தாக எண்ணப்படும் இந்தக் கணக்கை முதலில் திருத்தாமல், எத்தனை நல்ல பிளாக்கைக் கட்டினாலும் அதில் தவறான ஆட்கள்தான் நிரம்புவார்கள்.

இதைச் சர்வதேச விதிகள் நேராகவே சொல்கின்றன. பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றி 2010-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகளில் 41-ஆவது விதி, பெண்களை வகைப்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது: பெண்கள் பொதுவாகப் பிறருக்கு ஏற்படுத்தும் ஆபத்து குறைவு, உயர்பாதுகாப்பு நடவடிக்கைகளும் கூடுதல் தனிமையும் அவர்களைக் குறிப்பாகக் கடுமையாகப் பாதிக்கும். அவர்கள் அனுபவித்த வன்முறை, மனநலம், பிள்ளைகள் மீதான பொறுப்பு இவற்றையும் பார்க்கச் சொல்கிறது. எல்லாக் கைதிகளுக்கும் பொதுவான 2015-இன் ஐ.நா. நெல்சன் மண்டேலா விதிகளில் 44-ஆவது விதி, நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பின்றி அடைத்துவைப்பதுதான் தனிமைச் சிறை என்றும், தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது நீடித்த தனிமை என்றும் வரையறுக்கிறது. 43-ஆவது விதி அந்த நீடித்த தனிமையைத் தடை செய்கிறது. 'எங்களிடம் தனிமைச் சிறையே இல்லை, சிறப்புப் பிரிவுதான் இருக்கிறது' என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே இருப்பவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கதவுக்கு வெளியே இருக்கிறார், யாரோடு?

அப்படியானால் உண்மையிலேயே ஆபத்தானவர்களை என்ன செய்வது? அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எட்மன்டனில் செத்ததும் ஒரு பெண் கைதிதான். இரக்கம் பேசுபவர்கள் உடனிருக்கும் கைதிகளின் உயிரை மறந்துவிடக் கூடாது.

என் பார்வையில் ஓரளவு தேறும் ஏற்பாடு இது. பெண்கள் சிறை ஒன்றுக்குள்ளேயே எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய பிரிவு. ஆண்கள் சிறையின் மூலை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வெளிச்சுவரும் வாசலும் இறுக்கமாக இருக்கட்டும், உள்ளே தளர்வாக இருக்கட்டும். பகலில் வேலை, வகுப்பு, நூலகம் எல்லாவற்றுக்கும் மற்றப் பெண்களோடு போய்வர வேண்டும்; யாரோடு யார் சேரக் கூடாது என்பதை மட்டும் அன்றாடம் பார்த்துக்கொள்ளலாம். இரவுக்குத்தான் அந்தப் பிரிவு. இப்படிச் செய்தால் எண்ணிக்கைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். பத்துப் பேருக்குத் தனிப் பட்டறை தேவையில்லை, இருக்கிற பட்டறையில் இடம் கொடுத்தால் போதும். ஒவ்வொருவரையும் ஏன் அங்கே வைத்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் மறுபரிசீலனை நடக்க வேண்டும். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறது என்று நிர்வாகம்தான் காட்ட வேண்டும். 'தான் ஆபத்தில்லை' என்று அந்தப் பெண் நிரூபிக்கட்டும் என்று விட்டால் கனடா நெறிமுறையின் கதைதான்.

திட்ட வரைபடத்தில் தெரியாத ஒன்று ஆள்பலம். ஒரு பிரிவில் ஆறு பெண்கள், அவர்களுக்குள் மூன்று பாதுகாப்பு நிலை, வேறு வேறு நிலையில் இருப்பவர்கள் ஒன்றாக நடக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் வெளியே கூட்டிப்போக இரண்டு மூன்று காவலர்கள் என்று விதி வைத்துப் பாருங்கள். ஒரு ஷிப்டில் ஒருவர் லீவு போட்டால் அன்றைக்கு மைதானம் ரத்து. இன்னொருவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வகுப்பு ரத்து. யாரும் தண்டிக்கவில்லை, ஆனால் ஆறு பேரும் நாள் முழுக்கப் பூட்டிய கதவுக்குள். பூட்டிக் கிடப்பவர் கதவை உதைப்பார், உதைத்ததற்கு நிலை இறங்கும்.

சிறை நிர்வாகத்தில் இருப்பவர்கள் மூன்று வகைப் பாதுகாப்பைச் சொல்வார்கள்: ஒன்று, சுவர், பூட்டு, கேமரா; இரண்டு, சோதனை, கணக்கெடுப்பு போன்ற நடைமுறை; மூன்று, கைதியோடு பேசி, பழகி, யார் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் காவலர். ஆள் குறைவான பெண்கள் பிரிவில் மூன்றாவதுதான் அதிகம் பலன் தரும். பத்துப் பேரை ஒரு நல்ல வார்டருக்குப் பெயரோடும் மனநிலையோடும் தெரிந்திருக்கும். அந்த வார்டரை வாராவாரம் மாற்றினால் அதுவும் போயிற்று.

உடல் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் நிறைய இருக்கும் இடத்தில், ஆடை களைந்து சோதிப்பது வெறும் நடைமுறையாக இருக்காது. இங்கிலாந்தில் 2009-இல் பெண்கள் சிறைகளில் வழக்கமான ஆடைக்களைவு சோதனையை நிறுத்தி, குறிப்பான சந்தேகம் இருந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். பாங்காக் விதிகள் ஸ்கேனர் போன்ற மாற்று வழிகளைத் தேடச் சொல்கின்றன. மண்டேலா விதிகளின் 81-ஆவது விதிப்படி, பெண்கள் பிரிவின் பொறுப்பும் அதன் எல்லாச் சாவிகளும் ஒரு பெண் அதிகாரியிடம் இருக்க வேண்டும். பெண் அதிகாரி உடனில்லாமல் ஆண் ஊழியர் யாரும் உள்ளே நுழையக் கூடாது. உயர்பாதுகாப்பு என்ற பெயர் வந்ததும் முதலில் தளர்வது இந்த விதிதான். 'அவசரம்' என்று ஆண்கள் படையை அழைப்பார்கள். கிங்ஸ்டனில் நடந்ததும் அதுதான்.

இனி குழந்தை. உங்கள் கேள்வியில் 'மட்டும் வேறு ஏற்பாடா' என்று ஒரு சலிப்பு தெரிகிறது. ஆம், வேறு ஏற்பாடுதான். கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரைத் தனிமையிலோ ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிலோ அடைக்கக் கூடாது என்று பாங்காக் விதிகளின் 22-ஆவது விதி சொல்கிறது. பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அது முடிந்த உடனேயும் விலங்கு கூடாது என்பது 24. தாயோடு இருக்கும் குழந்தையைக் கைதியாக நடத்தவே கூடாது என்பது 49. கடைசி விதியை உயர்பாதுகாப்புப் பிரிவில் காப்பாற்ற முடியாது. குழந்தைக்கு மட்டும் கதவைத் திறந்துவைக்க வழியில்லை. எனவே தாய் உண்மையிலேயே அந்த அளவு ஆபத்தானவர் என்றால், தாயும் சேயும் இருக்கும் பிரிவில் கூடுதல் பெண் காவலர்களைப் போட்டு அங்கேயே வைக்க வேண்டும். அது எந்த விதத்திலும் முடியாது, குழந்தையை வெளியே உறவினரிடம் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டால், கண்ணாடித் தடுப்பில்லாத, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய நேர்காணல் அடிக்கடி கிடைக்க வேண்டும். 23-ஆவது விதிப்படி, ஒழுங்கு மீறலுக்குத் தண்டனையாகப் பிள்ளைகளைப் பார்ப்பதைத் தடுக்கவும் கூடாது. தாய் செய்த தவறுக்காக அந்த நேர்காணலை ரத்து செய்யும் அதிகாரம் பிரிவின் பொறுப்பாளர் கையில் இருக்கிறதா என்று எந்தச் சிறைக் கையேட்டிலும் முதலில் தேடிப் பாருங்கள்.